கொக்குவில் வீட்டுக் கணினிக்கு ஓர் எஸ்எஸ்டி: முப்பதாயிரம் ரூபாய் போன வழி

2025 ஜனவரி கடைசியில் ஒருநாள் கொக்குவிலிலிருந்து அக்கா தொலைபேசியில் எடுத்தார். "தம்பி, கொம்பியூட்டரைப் போட்டுட்டுப் போய் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சும் முடியுது, அது இன்னும் திறந்து முடியேல்லை. அத்தான் புதுசு வாங்கப்போறன் எண்டு நிக்கிறார். காசைக் கொண்டுபோய்க் குடுக்கமுன்னம் நீ ஒருக்கா வந்து பார்."

அத்தான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் என்று நாளுக்கு ஐந்தாறு கடதாசியாவது அவர் வீட்டு விறாந்தையில் ஆங்கிலமாகும். மருமகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறான். அக்காவுக்குக் கணினி என்றால் படங்கள்தான். அம்மாவின் இரண்டு ஆல்பங்களையும் படம் படமாகக் கழற்றி ஸ்கான் செய்து அதில் சேர்த்து வைத்திருந்தார். 1995 ஒக்ரோபர் 30 அன்று போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மா உடுப்புப் பைக்குள் வைத்துக் கொண்டுபோன ஆல்பங்கள் அவை. வீட்டில் விட்டுப்போன படங்களில் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் நினைவகச் சில்லில் தரவை வைக்கும் டிரைவ், பற்றி எழுதும்போது இது எதற்கு என்று கேட்கலாம். எந்த எஸ்எஸ்டி என்ற முடிவைக் கடைசியில் எடுக்க வைத்தவை அந்த ஆல்பங்கள்தான்.

கணினி பழையது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, எச்81 மதர்போட், 4 ஜிபி டிடிஆர்3 றாம், நிமிடத்துக்கு 7200 தரம் சுழலும் 500 ஜிபி ஹாட் டிஸ்க், வின்டோஸ் 10. அத்தான் ஐந்து வருடத்துக்கு முன் பாவித்த கணினியாக வாங்கியது. புதிய கணினிக்கென்று அவர் ஒதுக்கியிருந்த காசு அப்போது கொடுத்த விலையைவிடப் பலமடங்கு. என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "இதுக்குச் செலவழிக்கிறது வீண்காசோ, இல்லையோ?"

எதற்காகக் காத்து நிற்கிறது

கடைக்குப் போகமுன் கணினியை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்சைப் போட்டதிலிருந்து வேர்ட் திறந்து எழுத்து அடிக்கக்கூடியதாக வரும்வரை தொலைபேசியில் நேரம் பிடித்தேன்: 4 நிமிடம் 10 விநாடி. டாஸ்க் மனேஜரைத் திறந்தால் சிபியு 11 சதவீதம், றாம் 91 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். டிஸ்க் என்ற வரியை அழுத்தி உள்ளே பார்த்தேன். நூறு சதவீதம் வேலை செய்துகொண்டிருந்த அந்த டிஸ்க் அந்த நேரத்தில் படித்துக்கொடுத்தது விநாடிக்கு 1.4 எம்பி மட்டுமே.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் தெரியும். 7200 சுழற்சி என்றால் விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேவையான இடம் படிக்கும் தலைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்றாவது காக்கவேண்டும். தலை அந்தப் பாதைக்கு நகரவே இன்னும் எட்டு ஒன்பது மில்லி விநாடி. ஆக, ஒரு துண்டை எடுத்துத்தர ஏறத்தாழ 13 மில்லி விநாடி. விநாடிக்கு எழுபத்தைந்து, எண்பது துண்டுகளுக்கு மேல் முடியாது. வின்டோஸ் எழும்பும்போது கேட்பதெல்லாம் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றும் 4 கேபி என்று வைத்தால் விநாடிக்கு 300 கேபிதான் வரும். துண்டு கொஞ்சம் பெரிதாக இருக்கும்போது ஒரு எம்பி, ஒன்றரை எம்பி. டிஸ்க் சோம்பிக் கிடக்கவில்லை. ஓடி ஓடித்தான் எடுத்தது.

எஸ்எஸ்டியில் சுழலுவதற்கும் நகருவதற்கும் ஒன்றும் இல்லை. ஒரு துண்டை எடுக்க அதற்கு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு போதும். ஆகவே மலிவான எஸ்எஸ்டிகூட இந்தச் சிதறிய வேலையில் பழைய டிஸ்கைவிட ஐம்பது, நூறு மடங்கு முன்னே நிற்கும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 500 எம்பி என்ற வேகம் ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். அதில் வித்தியாசம் நான்கைந்து மடங்குதான். வீட்டில் மனிதர் உணருவது முதலாவதை. கடையில் விலை பேசப்படுவது இரண்டாவதை வைத்து. வாங்குகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

றாம் 91 சதவீதம் என்றதும் முக்கியம். 4 ஜிபியில் பிரவுசர் ஆறு ரப், வேர்ட், பிடிஎஃப் என்று திறந்தால் இடம் முட்டி, மிச்சத்தை வின்டோஸ் டிஸ்கில் இறக்கி ஏற்றும். பாதி நோய் அதுவும்தான்.

பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசச் செயலியைப் போட்டேன். நீலமாக வரவேண்டிய கட்டம் மஞ்சளாக வந்தது. சி5 என்ற வரிசையில், அதாவது படிக்கமுடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பகுதிகளின் கணக்கில், கடைசியில் 18 என்று நின்றது. அந்தச் செயலி எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும், ஆகவே 24. இருபத்துநான்கு இடத்தில் டிஸ்க் தான் எழுதியதைத் தானே படிக்கமுடியாமல் நிற்கிறது.

அதோடு வேகம் பற்றிய பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்தினேன். "அக்கா, ஆல்பம் ஸ்கான் எல்லாம் எதுக்குள்ள கிடக்கு?" என்று கேட்டேன். "உதுக்குள்ளதான்." "வேறை எங்கையும்?" அவர் ஒன்றும் சொல்லவில்லை. 62 ஜிபி. அன்றிரவே என் மடிக்கணினிக்குப் பிரதி எடுத்தேன். இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. இரண்டு படங்கள் மட்டும் படிக்கமுடியாமல் போயின. ஆல்பம் கையில் இருந்ததால் அக்கா மறுநாள் அவற்றைத் திரும்ப ஸ்கான் செய்தார்.

யாழ்ப்பாணக் கடைகளில்

பெப்ரவரி முதல் வாரம் மருமகனையும் ஏற்றிக்கொண்டு ரவுனுக்குப் போனேன். ஸ்ரான்லி வீதியிலும் கஸ்தூரியார் வீதிப் பக்கமும் மூன்று கடைகளில் கேட்டோம். அன்றைய விலைகள், கடைக்குக் கடை நூறு இருநூறு முன்பின்னாக இவை: கிங்ஸ்ரன் ஏ400 வரிசையில் 240 ஜிபி 7,600 ரூபாய், 480 ஜிபி 11,800, 960 ஜிபி 21,500. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி 19,200. இவற்றோடு, பெயர் கேள்விப்படாத ஒன்று 512 ஜிபி 7,900 ரூபாய்க்கு இருந்தது. மருமகன் தொலைபேசியில் ஒரு விளம்பரமும் காட்டினான்: 1 டிபி, 5,000 ரூபாய்.

ஜிபிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் 240 ஜிபியில் ஏறத்தாழ 32 ரூபாய், 480இல் 25க்குக் கொஞ்சம் குறைய, 960இல் 22, சாம்சங்கில் 38. இந்தக் கணக்கு மட்டும் போதுமென்றால் 960ஐ வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். ஆனால் அத்தான் வீட்டில் இருந்த தரவு முழுவதும் 272 ஜிபி; அதில் கலியாண வீடுகளும் நல்லூர்த் திருவிழாவுமாகக் காணொளிகளே 170. 480 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் வின்டோஸ் அதை 447 என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், வின்டோஸ் 1024ஆக எண்ணுகிறது; ஒருவரும் ஏமாற்றவில்லை. 272 போட்டால் பத்தில் ஆறு பங்கு நிரம்பும். எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருந்தால்தான் உள்ளே இடம் ஒழுங்குபடுத்த வசதி. ஆக 480 போதும். 240 என்பது 223ஆகத்தான் வரும். அது முதலிலேயே கழிந்துவிட்டது.

5,000 ரூபாய் 1 டிபியைப் பற்றி மருமகனோடு ரோட்டோரமே நின்று கதைத்தேன். அந்தக் கொள்ளளவுக்கான நினைவகச் சில்லையே அந்த விலைக்கு வாங்கமுடியாது என்றால் உள்ளே அது இல்லை என்றுதான் பொருள். இப்படியானவற்றில் சின்னச் சில்லை வைத்து, கட்டுப்படுத்தியின் மென்பொருளை மாற்றிப் பெரிய எண்ணைச் சொல்லவைப்பார்கள். வின்டோஸ் அதை நம்பும். உண்மையான இடம் முடிந்தபிறகு எழுதுவது பழையதன்மேலேயே விழும். பெயர்ப்பட்டியல் சரியாக இருக்கும், கோப்பைத் திறந்தால் உள்ளே வெறுமை. ஏற்கனவே வாங்கியவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலியால் முழு இடத்தையும் எழுதிப் படித்துப் பார்க்கலாம்; ஆல்பத்தைப் போடமுன் செய்யவேண்டும்.

மருமகனுக்கு வேறொரு ஆசை இருந்தது. "மாமா, என்விஎம்இ எடுத்தா 7000 எம்பி வரும். சாட்டா பழசு." சாட்டா என்பது ஹாட் டிஸ்கும் ஏ400 போன்ற எஸ்எஸ்டிகளும் கேபிளால் இணையும் பழைய வழி; என்விஎம்இ மதர்போட்டிலேயே நேராகச் செருகும் வேகமான வகை. அவன் சொன்ன எண் பொய்யில்லை. நான்காம் தலைமுறை பிசிஐஇ பாதையில் ஓடும் நல்ல என்விஎம்இ அந்த அளவுக்கு வரும். சாட்டா 550ஐத் தாண்டாது. ஆனால் அத்தானின் மதர்போட்டில் அதைச் செருகும் எம்.2 குழியே இல்லை. அடாப்டர் ஒன்றை வாங்கிப் பிசிஐஇ குழியில் செருகலாம். செருகினாலும் அந்தக் காலத்து எச்81 போட்டுகளில் பெரும்பாலானவற்றின் பயோஸ் (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள்) என்விஎம்இயிலிருந்து வின்டோஸை எழுப்பாது. கணினி எதைப் பிடிக்கும் என்று பார்க்காமல் டிரைவைத் தெரிவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதுபோல.

ஆகவே கடைசியில் தராசில் நின்றவை இரண்டு: 11,800 ரூபாய் ஏ400, 19,200 ரூபாய் 870 ஈவோ. வித்தியாசம் 7,400.

அந்த 7,400க்கு என்ன கிடைக்கிறது? முதலாவது, டிராம், அதாவது எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம். எந்தத் தரவு எந்தச் சில்லில் கிடக்கிறது என்ற வரைபடத்தை எஸ்எஸ்டி வைத்திருக்கவேண்டும். ஒரு டிபிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி வரைபடம். சாம்சங்கில் அதற்கென்று 512 எம்பி தனி நினைவகம் உண்டு. ஏ400இல் இல்லை, வரைபடத்தின் பெரும்பகுதி மெதுவான சில்லிலேயே கிடந்து, வேண்டியபோது துண்டுதுண்டாக எடுக்கப்படும். என்விஎம்இ என்றால் கணினியின் றாமில் கொஞ்சத்தைக் கடன் வாங்கிச் சமாளிக்கலாம். சாட்டாவுக்கு அந்த வழி இல்லை. டிராம் இல்லாத சாட்டா டிரைவை அரைவாசிக்குமேல் நிரப்பி, பல வேலை ஒரேநேரத்தில் கொடுத்தால் இடைக்கிடை திக்கும். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது, எழுதும் ஆயுள். 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டிபி எழுதலாம் என்று உற்பத்தியாளர் உறுதி. ஏ400 480 ஜிபிக்கு 160. இரண்டு மடங்கு என்று பயப்படுவார்கள். அத்தான் வீட்டில் நாளுக்கு 20 ஜிபி எழுதப்படும் என்று தாராளமாகவே வைத்தேன். வருடத்துக்கு 7.3 டிபி. 160ஐ எட்ட இருபத்திரண்டு வருடம் செல்லும். இந்த எண்ணுக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாவது, வொறண்டி. சாம்சங் பெட்டியில் 5 வருடம், கிங்ஸ்ரனில் 3 வருடம். இங்கேதான் நம் ஊரில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பெட்டியில் இருப்பது ஒன்று, கடைக்காரர் பில்லில் எழுதித்தருவது இன்னொன்று. அன்று இரண்டு கடையில் 5 வருடப் பெட்டிக்கும் பில்லில் 3 வருடம்தான் என்றார்கள். நம் நாட்டுக் கணினிக் கடைப் பில்களின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்றும் அச்சடித்திருப்பார்கள். மூன்று வருடத்தில் அது 45 நாளைச் சாப்பிட்டுவிடும். எரிந்த அடையாளம், துரு, மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு எதற்கும் பொறுப்பில்லை என்றும் இருக்கும். மழைக்காலத்தில் இடி விழும், கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் அந்த வரி சின்ன வரி இல்லை.

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எடுத்தால் ஆயிரம் ரூபாய் குறையும் என்று ஒரு நண்பர் சொன்னார். குறையும்தான். ஆனால் பழுதானால் நானூறு கிலோமீற்றர் அனுப்பி, யாரையாவது பிடித்துக் கடைக்குக் கொடுக்கச் சொல்லி, திரும்ப எடுப்பிக்கவேண்டும். மூன்றாவது கடையில் கேட்டேன்: "அண்ணை, பழுதானா இஞ்சை கொண்டுவந்து தரலாமோ, நாங்களே கொழும்புக்கு அனுப்ப வேணுமோ?" அவர் தயங்கவில்லை. "இஞ்சை தாங்கோ. நாங்கள் அனுப்பி எடுப்பம். ரெண்டு மூண்டு கிழமை செல்லும். ஆனா உள்ளுக்குக் கிடக்கிறது திரும்பி வராது, அதைச் சொல்லிப்போடுறன்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரிடம் வாங்கவேண்டும் என்று தோன்றியது. வொறண்டி டிரைவுக்குத்தான், அம்மாவின் படங்களுக்கு இல்லை.

மொத்தமாக முப்பதாயிரம் ரூபாய் செலவழிப்பதாக அத்தானோடு பேசியிருந்தோம். 870 ஈவோ எடுத்தால் மிச்சம் 10,800. அதில் பாவித்த 4 ஜிபி டிடிஆர்3 றாம் ஒன்று 2,700க்கு வாங்கலாம். பிரதி எடுக்க இன்னொரு டிஸ்க் வாங்க மிச்சம் போதாது. 960 எடுத்தாலும் அதே கதை. ஏ400 480 எடுத்தால் 11,800, றாம் 2,700, இரண்டும் போக மிச்சம் 15,500. அதே கடையில் 1 டிபி போர்ட்டபிள் ஹாட் டிஸ்கின் விலை சரியாக அதுவே.

கடைக்கு வெளியே வந்து அத்தானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அத்தான், நல்ல டிரைவ் ஒண்டு வாங்கலாம், இல்லாட்டி போதுமான டிரைவ் ஒண்டும் படங்களுக்கு ரெண்டாவது இடம் ஒண்டும் வாங்கலாம்." அவர் அக்காவிடம் கொடுத்தார். அக்கா யோசிக்கவே இல்லை: "ரெண்டாவது இடம்."

திறமான டிரைவ் தனியே நின்றால் அது ஒற்றைப் பிரதிதான். பணம் நிறைய உள்ளவர் இரண்டையும் வாங்கட்டும். முப்பதாயிரத்தோடு போகிறவர் டிராமை விட்டுவிடலாம், பிரதியை விடக்கூடாது. பெயர் தெரிந்த நிறுவனம், ஊரில் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடை என்ற இரண்டு வரம்புக்குக் கீழே மட்டும் இறங்கக்கூடாது. ஒரே பெயரில் விற்றுக்கொண்டே உள்ளே சில்லை மட்டமானதாக மாற்றுவது பெயர்பெற்ற நிறுவனங்களிலேயே நடந்து, 2021இல் பரிசோதகர்கள் அதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். பெரியவர்களே அப்படி என்றால் பெயரில்லாதவற்றின் உள்ளே இருப்பதற்கு யார் பொறுப்பு?

பெப்ரவரி 9, ஞாயிறு

பெட்டியைத் திறந்தபோது கோண்டாவில், கொக்குவில் பக்கத்துச் செம்மண் தூசி விசிறியில் கம்பளிபோலப் படிந்திருந்தது; மூலையில் இரண்டு பல்லி முட்டை. முதலில் பெயின்ற் தூரிகையால் துடைத்தோம். எஸ்எஸ்டிக்கென்று தனித் தட்டு அந்தப் பெட்டியில் இல்லை. ஏழு மில்லிமீற்றர் தடிப்பு, பாரமும் இல்லை, அதிர்வும் இல்லை. இரண்டு பக்கமும் ஒட்டும் ரேப்பால் ஒட்டினாலே நிற்கும். மருமகன் ஒரு பக்கத்தில் இரண்டு திருகாணி போட்டு இறுக்கினான்.

பழைய டிஸ்கை அப்படியே புதியதுக்குப் படியெடுப்பது முதல் திட்டம். 38 சதவீதத்தில் செயலி நின்றுவிட்டது. அந்த 24 இடங்களில் ஒன்றில் முட்டியிருக்கவேண்டும். பழுதான டிஸ்கை முழுதாகப் படியெடுக்கத் திரும்பத் திரும்ப முயல்வது அதை இன்னும் விரைவாகச் சாகடிக்கும். இரண்டாம் தரம் முயலவேண்டாம், வின்டோஸைப் புதிதாகவே போடுவோம் என்று கதைத்துக்கொண்டிருக்கும்போது, முற்பகல் பதினொன்றரையளவில், கரண்ட் நின்றது. யூபிஎஸ் கத்தியது. மருமகன் ஒழுங்காக அணைத்தான். பாணந்துறை உப மின்நிலையத்தில் நேர்ந்த கோளாறால் நாடு முழுவதும் இருண்டுபோன ஞாயிறு அது. ஒரு குரங்கு தொட்டதால் என்று அமைச்சர் சொன்னதை எல்லோரும் அறிவார்கள்.

வீட்டுப் பாவனை எஸ்எஸ்டிகளில், கரண்ட் போகும்போது எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவைக்கும் மின்தேக்கிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. எழுதிக்கொண்டிருந்த துண்டு போகலாம். வரைபடம் குழம்பினால் டிரைவே எழும்பாமல் போகலாம். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய நாட்கள் நமக்கு மறக்கவில்லை. யூபிஎஸ் பற்றரி பழையதென்றால் எஸ்எஸ்டியோடு அதையும் மாற்றுங்கள். அத்தானின் பற்றரி ஆறு நிமிடம் தாங்கியது. அணைக்க அது போதும், அதற்குமேல் இல்லை.

பின்னேரம் கரண்ட் வந்தபின் பென்ட்ரைவிலிருந்து வின்டோஸைப் போட்டோம். பயோஸில் சாட்டா முறை ஏஎச்சிஐ (எஸ்எஸ்டிக்கு ஏற்ற முறை) என்று இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். பழைய கணினிகளில் ஐடிஇ என்ற பழைய முறையிலேயே விட்டிருப்பார்கள், வின்டோஸ் போட்டபின் மாற்றப்போனால் சிக்கல். பதினான்கு நிமிடத்தில் முடிந்தது. உரிமம் மதர்போட்டோடு பதிந்திருந்ததால் இணையம் கிடைத்தவுடன் தானாகச் செயற்பட்டது. புதிதாகப் போட்டதில் அத்தானுக்கு ஒரு பதற்றம் வந்தது. பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்தால் எல்லாம் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். அவற்றை அடித்த பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய டிஸ்கின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து எடுத்துப் போட்டதும் சரியானது. புதிதாக வின்டோஸ் போடுகிறவர்கள் பாமினியையும் பிறின்ரர் டிரைவரையும் முதலில் ஒதுக்கிவைத்துவிட்டுத் தொடங்கவேண்டும்.

பிறகு நேரம் பிடித்தோம். சுவிட்சிலிருந்து வேர்ட்வரை 36 விநாடி. அக்கா திரும்ப அணைத்துப் போடச் சொன்னார். அதே 36.

ஆனால் வேகத்தை அளந்தபோது தொடர்ச்சியாகப் படிப்பது 268 எம்பிதான் காட்டியது, 500 வரவேண்டும். கேபிளைப் பின்தொடர்ந்து பார்த்தேன். டிவிடி டிரைவிலிருந்து கழற்றிய கேபிளையே எஸ்எஸ்டியில் செருகியிருந்தேன். எச்81இல் நான்கு சாட்டா வாய்கள். இரண்டு 6 ஜிகாபிட், இரண்டு 3 ஜிகாபிட். டிவிடி இருந்தது மெதுவான வாய். பழைய டிஸ்க் இருந்த வாய்க்கு மாற்றியதும் 502 வந்தது. இப்போது வேர்ட்வரை நேரம் பிடித்தால்? 34 விநாடி.

இந்த இரண்டு விநாடியைக் கொஞ்சம் கவனியுங்கள். தொடர்வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகியும் அத்தான் உணரக்கூடியது இரண்டே விநாடி. 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் வேகம் இரண்டு வாயிலும் 23, 24 எம்பி என்று ஒரேமாதிரி நின்றது; பழைய டிஸ்கில் அது அரை எம்பியைத் தொடவில்லை. மருமகன் கேட்ட 7000க்கான பதில் அந்த மேசையிலேயே கிடைத்தது. எச்61 போன்ற இன்னும் பழைய போட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு: எல்லா வாயும் 3 ஜிகாபிட்தான் என்றாலும் எஸ்எஸ்டி போடலாம், பயன் ஏறத்தாழ முழுதாகவே கிடைக்கும்.

காணொளிகள் 170 ஜிபியையும் பழைய டிஸ்கிலிருந்து கொண்டுவரும்போது டிராம் இல்லாத குறை தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரியவில்லை. தருகிற பழைய டிஸ்கே விநாடிக்கு 90 எம்பிக்குமேல் தரவில்லை, வாங்குகிற எஸ்எஸ்டி அதற்குமேல் எப்படித் திணறும்? காணொளி வெட்டித் தொகுக்கிறவர், நாளுக்கு நூறு ஜிபி கமராவிலிருந்து இறக்குகிறவர் என்றால் என் தீர்ப்பு மாறியிருக்கும். அவருக்கு அந்த 7,400 தகும். கியூஎல்சி வகைச் சில்லு போட்டதை அவர் தொடவே கூடாது. ஒரு கலத்தில் நான்கு பிட் அடைப்பதால், முதலில் வேகமாக எழுதிவைக்கும் இடம் நிரம்பியதும் வேகம் ஹாட் டிஸ்கைவிடக்கூடக் கீழே இறங்கிவிடலாம்.

புதிய கணினி வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. எம்.2 குழி இருந்தால் அது என்விஎம்இயா, சாட்டாவா, இரண்டுமா என்று மதர்போட் கையேட்டில் பாருங்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே 22க்கு 80 மில்லிமீற்றர் துண்டு. என்விஎம்இ என்றால் டிராம் இல்லாததே வீட்டுக்குப் போதும், றாமைக் கடன் வாங்கிக்கொள்ளும். 3500க்கும் 7000க்கும் வேர்டிலும் பிரவுசரிலும் வித்தியாசம் தெரியாது.

ஒரு வருடத்துக்குப் பிறகு

2026 ஜனவரியில் திரும்பப் பார்த்தேன். ஒரு வருடத்தில் எழுதப்பட்டது, முதல் ஏற்றிய 272 ஜிபியையும் சேர்த்து, 3.9 டிபி. நான் போட்ட 7.3 கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் கூட. ஆயுள் 98 சதவீதம் என்று காட்டுகிறது. வேர்ட்வரை 39 விநாடி. இடைக்கிடை, பெரிய அப்டேட் ஓடும்போது, ஒரு திக்கல் இருப்பதாக அத்தான் சொன்னார். அது அந்த டிராம்தான் என்று அவருக்கு விளக்கினேன்.

வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்தது. நான்காம் தலைமுறை ஐ5 வின்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். இதை முதல்நாளே அத்தானுக்குச் சொல்லியிருந்தேன். இப்போது 2026 ஒக்ரோபர் 13வரை நீடிக்கும் பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்து ஓட்டுகிறார். அதற்குள் கணினி மாறும். மாறினால் ஏ400 அதற்குள் இரண்டாவது டிரைவாகப் போகும். 2025 கடைசியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறியிருக்கிறது, ஆகவே இங்கே எழுதிய ரூபாய்களை இன்றைய விலையாக எடுக்கவேண்டாம். பிரித்த விதத்தைப் பாருங்கள்.

பழைய டிஸ்க் கழற்றி மேசை லாச்சிக்குள் கிடந்தது. மருமகன் ஆசைக்கு அதைச் செருகிப் பார்த்தான். சி5இல் 18 இருந்த இடத்தில் இப்போது 3ஏ4, அதாவது 932. மூன்று நிமிடம் டக் டக்கென்று தட்டிவிட்டுக் காணாமல் போனது.

போர்ட்டபிள் டிஸ்க் அக்காவின் அலுமாரியில், சேலைகளுக்கு இடையில், அம்மாவின் ஆல்பங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு எடுத்துச் செருகி, புதிய படங்களைப் பிரதி எடுத்து, கழற்றித் திரும்ப வைக்கிறார். நான் போயிருந்த அன்று ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா அனுப்பிய பழைய படம் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார். 1984இல் கொக்குவில் வீட்டு முற்றத்தில் எடுத்தது. எங்களிடம் இல்லாத படம்.